என்.எஸ்.கே-வுக்கும் நாகேஷுக்கும் சிரிப்பு எழுதிய கை... நெல்லைச் சீமை 'வில்லிசை வேந்தர்' கதை! | ஊர்ப் பாட்டு

ஸ்கூல் ஆண்டு விழாவில் வில்லுப்பாட்டுக்கு 'ஆமா' போட்டவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

டெங்கு கொசு, பிளாஸ்டிக் பை, மழைநீர் சேகரிப்பு, சாலைப் பாதுகாப்பு... இதில் ஏதாவது ஒன்றுக்காக அட்டையில் வில் வெட்டி, ஜிகினா ஒட்டி, நடுவில் ஒருவர் கதை சொல்ல, இரண்டு பக்கமும் உட்கார்ந்து தலையாட்டிய தலைமுறை நம்முடையது. என் வயதுக்காரர்கள் நிறைய பேருக்கு வில்லுப்பாட்டு என்றாலே அவ்வளவுதான். டீச்சர் எழுதிக்கொடுத்த அறிவுரை, நடுநடுவே ஒரு 'ஆமா'.

எங்கள் ஆழ்வார்திருநகரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வில்லும் தெரியும். ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஏதோ ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை நடக்கும். கூம்பு ஸ்பீக்கரிலிருந்து மணிச் சத்தமும் குடச் சத்தமும் கிளம்பி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நம் வீட்டுக் கட்டில் வரை வரும். அந்த வில்லு அறிவுரை சொல்லாது. சாமியான மனிதர்களின் கதையைச் சொல்லும். எப்படிப் பிறந்தார்கள், யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று சொல்லிக்கொண்டே போகும். சொல்லச் சொல்ல, கூட்டத்தில் ஒருவர் மேல் சாமி இறங்கும்.

அந்தக் கோயில் வாசல் வில்லு, ஸ்கூல் மேடைக்கு எப்படி வந்தது? தானாக நடந்து வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்களில் முக்கியமான ஒருவர், நெல்லைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் எழுதிய காமெடிக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள்.

சுப்பு ஆறுமுகம்.

வில்லு, குடம், 'ஆமா'

அவர் கதைக்குப் போகும் முன்பு அந்த வில்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம்.

ஆள் உயரத்தைவிட நீளமான வில். பனை வைரத்திலோ மூங்கிலிலோ செய்வார்கள். நாண் தோலால் ஆனது. வில்லின் உடம்பு முழுக்க வெண்கல மணிகள். வில்லை ஒரு மண் குடத்தின் மேல் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். பாடுகிறவர் நடுவில் உட்கார்ந்து, இரண்டு வீசுகோல்களால் நாணில் தட்டுவார். தட்டும்போது எல்லா மணியும் சேர்ந்து கலகலக்கும். குடக்காரர் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார். அந்த 'பம்' சத்தம்தான் இதற்கு பேஸ் கிதார். கூடவே உடுக்கு, ஜால்ரா, கட்டை. வேட்டைக்கும் போருக்கும் எடுத்த ஆயுதத்தைப் பாட்டுக்கு எடுத்தது எந்த மகராசன் யோசனை என்பதற்கு ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள்.

இதில் நாம் கவனிக்காமல் விடுகிற ஆள், 'ஆமா' போடுகிறவர். ஸ்கூல் மேடையில் அவர் சும்மா தலையாட்டுவார். கொடை மேடையில் அப்படி இல்லை. முதல் பாட்டுக்காரர் வரியின் கடைசிச் சொல்லை விட்டால் அதை அவர் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். கதை வேகமாக ஓடினால், 'அது எப்படி?' என்று நமக்காக ஒரு கேள்வி கேட்டு நிறுத்துவார். சோகம் அதிகமானால் ஒரு நக்கல் விடுவார். நான்கு மணி நேரக் கதையைத் தூங்காமல் கேட்க வைப்பதில் பாதி வேலை அவருடையது.

சுப்பு ஆறுமுகத்தின் வாழ்க்கையில் முதல் பாதியைப் புரிந்துகொள்ள இந்த 'ஆமா' நமக்குத் தேவைப்படும்.

புதுக்குளத்துப் பையன்

1928 ஜூன் 28. நெல்லையை அடுத்த சத்திரம் புதுக்குளம் கிராமத்தில் பிறந்தார். டீன் ஏஜ் தாண்டுவதற்குள்ளேயே 'குமரன் பாட்டு' என்று ஒரு தொகுப்பு எழுதிவிட்டார். எழுதிய பாட்டைத் தானே பாடுவார். இப்போதைய மொழியில் சொன்னால் பையன் ஒரு 'சிங்கர் சாங்ரைட்டர்'.

1948-இல் அவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கண்ணில் பட்டார். அதுதான் திருப்பம்.

அந்த நேரத்தில் என்.எஸ்.கே எந்த நிலைமையில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய காமெடி ஸ்டார். 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டு, 1947-இல்தான் விடுதலையாகி வெளியே வந்திருந்தார். பாகவதருக்கு அந்தப் பழைய மவுசு திரும்பவே இல்லை. என்.எஸ்.கே மட்டும் மறுபடி எழுந்துகொண்டிருந்தார். நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தின் பாணியை எடுத்து, படிப்புக்காகப் புறப்படுகிற பையனின் கதையாக மாற்றி 'கிந்தனார்' என்று அவர் செய்ததை 'நல்லதம்பி' (1949) படத்தில் பார்க்கலாம். பழைய பாத்திரத்தில் புதுப் பால் ஊற்றுவதில் கெட்டிக்காரர்.

அதோடு என்.எஸ்.கே நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போகும் முன்னால் அவரும் வில்லுப்பாட்டுக்காரர்தான். அவருக்கு வில்லு தெரியும், மேடை தெரியும், கூட்டம் தெரியும். புதிதாக எழுதித் தர ஒரு ஆள் வேண்டும். நெல்லைச் சீமைப் பேச்சும் பாட்டும் ரத்தத்தில் ஊறிய ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. இருபது வயதுப் பையனை சென்னைக்கு அழைத்துப்போனார்.

சுப்பு ஆறுமுகம் அவருக்காக எழுதிய முதல் பெரிய வில்லுப்பாட்டு, காந்தியின் கதை. காந்தி சுடப்பட்டு அதிக நாள் ஆகாத காலம் அது. கொலையுண்ட மனிதரின் கதையை வில்லடித்துப் பாடுவது தென்கோடி ஊர்களுக்குப் புதிதே இல்லை, தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான். ஆனால் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் அடித்த நாணை காந்திக்கு அடித்தபோது, கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! இதைப் பற்றிப் படித்தபோது, காந்தி கதை தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அநியாயமாகச் செத்தவர்களுக்காகவே உண்டான வாத்தியத்துக்கு, 1948-இல் அதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது.

(ஒரு சின்னக் குறிப்பு: ஜெமினி ஸ்டூடியோவில் இருந்த கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி கதையை வில்லுப்பாட்டாகப் பாடிப் புகழ்பெற்றவர்தான். 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினாரே, அவரேதான். சுப்பு, காந்தி, வில்லு என்று மூன்றும் ஒன்றாக வருவதால் இரண்டு பேரையும் ஒருவராக்கி ஷேர் செய்கிற பதிவுகளைப் பார்க்கிறேன். இரண்டும் வேறு வேறு ஆட்கள்.)

சிரிப்புக்குப் பின்னால் ஒருவர்

என்.எஸ்.கே-வோடு இருந்த காலத்தில் வில்லுப்பாட்டு மட்டும் எழுதவில்லை. அவருடைய படங்களுக்குக் காமெடிப் பகுதிகளும் எழுதினார். 19 படங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பின்னாளில் நாகேஷ் வந்தபோது அவருக்கும் எழுதினார். அந்தக் கணக்கு சுமார் 60.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு தலைமுறையைச் சிரிக்க வைத்த இரண்டு பெரிய நடிகர்களுக்கு ஒரே பேனா. ஆளுக்கு ஆள் வேகம் வேறு. என்.எஸ்.கே நிதானமாகப் பேசி, சிரிப்புக்குள் ஒரு விஷயத்தை வைத்துத் தருபவர். நாகேஷ் உடம்பெல்லாம் ரப்பர், வார்த்தை மெஷின் கன். இரண்டு பேருக்கும் எழுத வேண்டுமென்றால் எழுதுகிறவர் தன் பாணியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நடிகரின் வாயை வைத்து யோசிக்க வேண்டும்.

இதை எங்கே கற்றிருப்பார்? என் கணிப்பு, அந்த 'ஆமா'வில்தான். வில்லுப்பாட்டுக்கு எழுதுகிறவன் பாட்டை மட்டும் எழுத முடியாது. பாட்டு எங்கே நிற்கும், வசனம் எங்கே தொடங்கும், கூட இருப்பவர் எந்த இடத்தில் குறுக்கே விழுவார், கூட்டம் எப்போது சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்க எத்தனை தட்டு வேண்டும் என்று எல்லாம் கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும். சினிமா காமெடிக்கும் அதே கணக்குதான். ஒருவர் எடுத்துக்கொடுக்க, இன்னொருவர் போட்டு உடைக்க. என்.எஸ்.கே - டி.ஏ.மதுரம் ஜோடியை யூடியூபில் பாருங்கள். நடுவில் ஒரு வில்லை வைத்தால் அப்படியே வில்லுப்பாட்டு!

ஆனால் எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாது. இன்றைக்கு நாகேஷ் ரீல்ஸ் லட்சக்கணக்கில் ஓடுகிறது, கீழே ஒருவர்கூட 'இதை எழுதியது யார்' என்று கேட்பதில்லை. காமெடி டிராக் எழுதுகிறவர்களுக்கு டைட்டிலில் கிடைக்கிற இடம் எவ்வளவு என்பது சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிஜிட்டல் டெஸ்க்கில் பெயரில்லாத கார்டுகள் எழுதித் தள்ளுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த வலி கொஞ்சம் கூடவே புரியும்.

1957 ஆகஸ்ட் 30-இல் என்.எஸ்.கே காலமானார். வயது 48. சுப்பு ஆறுமுகத்துக்கு அப்போது 29.

இந்த இடத்தில் ஒரு அமெரிக்கக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பர் ஒரு கன்ட்ரி ராக் பைத்தியம். நம்ம ஊர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரி அங்கே 'கன்ட்ரி' இசை. பண்ணை, லாரி, சாராயம், சர்ச், பிரிவு என்று எல்லாம் அதில் உண்டு. 1960-களின் கடைசியில் அதை எலெக்ட்ரிக் கிதாரோடு கலந்தவர்களில் ஒருவர் கிராம் பார்சன்ஸ். 'தி பேர்ட்ஸ்' குழுவோடு 1968-இல் அவர் செய்த ஆல்பத்தை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். பிறகு தனியாகப் பாடியபோது, கூடச் சேர்ந்து பாட எமிலூ ஹாரிஸ் என்ற பெண்ணை அழைத்தார். 1973-இல் கிராம் பார்சன்ஸ் 26 வயதில் இறந்துபோனார். போதை. அதுவரை பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடிய எமிலூ, அந்த இசையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த பல பத்தாண்டுகள் பாடினார். பார்சன்ஸ் பெயர் இன்றும் நிற்பதற்கு அவரும் ஒரு காரணம்.

'நம்ம பக்கம் அப்படி யாராவது உண்டா?' என்று நண்பர் கேட்டதில்தான் இந்த வாரக் கட்டுரையே ஆரம்பித்தது. எனக்குச் சட்டென்று வந்த பெயர் சுப்பு ஆறுமுகம். கிதார் இல்லை, குடம் இருக்கிறது. பக்கத்தில் நின்றவர், நடுவில் உட்கார வேண்டிய நேரம் வந்தது.

நடுவில் உட்கார்ந்தார்

சொந்தக் குழு. ராமாயணம், மகாபாரதம், திருக்குறள், பாரதி, காந்தி என்று கதைகளை எழுதி எழுதிப் பாடினார். கோயில் விழா, கல்லூரி, சபா, அரசு மேடை, வானொலி, பிறகு தொலைக்காட்சி. குடும்பக் கட்டுப்பாடு மாதிரி அரசாங்கத் திட்டங்களுக்கும் பாடினார். சபாக்களில் கர்னாடக சங்கீதம் கேட்டுப் பழகிய சென்னைக்காரர்களுக்கு, தென்மாவட்டத்துக் கொடை வில்லு அறிமுகமானது பெரும்பாலும் இவர் மூலமாகத்தான்.

வானொலியை நினைத்துப் பாருங்கள். வில்லு தெரியாது, ஜிகினா தெரியாது, முகம் தெரியாது. மணிச் சத்தம் கேட்கும், ஒரு குரல் கதையை ஆரம்பிக்கும். அடுப்படியில் இருக்கிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பாடுகிறவருக்குக் குரல் மட்டும் போதாது, எழுத்தும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். எளிய சொல், சின்ன வாக்கியம், நாலு வரிக்கு ஒரு சிரிப்பு. சினிமாவில் படித்த பாடம் இங்கே உதவியிருக்கும்.

பாடியதோடு விடாமல் அச்சிலும் ஏற்றினார். 'வில்லிசை மகாபாரதம்', 'வில்லிசை இராமாயணம்' என்று புத்தகங்கள். பரம்பரைப் பாட்டுக்காரர்கள் ஏட்டிலும் நோட்டிலும் வைத்திருந்து, குருவிடமிருந்து சீடருக்குக் கைமாற்றிக் கொடுத்த ஒரு கலை. அதை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிப் படித்து, பாடிப் பார்க்கலாம் என்றாக்குவது சின்ன விஷயம் இல்லை.

1975-இல் கலைமாமணி. 2004-இல் சங்கீத நாடக அகாடமி விருது. 'வில்லிசை வேந்தர்' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டம்.

கூட வராத கதைகள்

இங்கேதான் ஒரு சண்டை இருக்கிறது. நாட்டார் கலைகளை ஆராய்கிறவர்கள் சிலர், மேடை வில்லிசையைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பார்கள். 'அது வேறு, இது வேறு' என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற இடத்துக் கதை அது. பிராமண இளைஞன் ஒருவன், செருப்புத் தைக்கிற குடும்பத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளைக் காதலிக்கிறான். பெண்களின் அப்பா வைக்கிற நிபந்தனைக்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, அவர்களைக் கல்யாணம் செய்கிறான். மாடு திருட வந்தவர்களோடு நடந்த சண்டையில் கொல்லப்படுகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குச் சந்நிதி உண்டு, பட்டவராயன் என்ற பெயரில். நேர்த்திக்கடனாக இன்றைக்கும் செருப்புத்தான் போடுகிறார்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா.வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தார். அதற்கு முன்பு பல தலைமுறையாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தது வில்லுதான்.

இந்தக் கதையை ஒன்றரை மணி நேர சபா கச்சேரிக்குச் சுருக்க முடியுமா? சுருக்கலாம். ஆனால் கொடையில் அது வெறும் கதை இல்லை. சரியான நேரத்தில் சரியான கட்டம் வர வேண்டும். மதியக் கொடைக்கு இது, சாமக் கொடைக்கு இது என்று கணக்கு உண்டு. 'வரத்து' பாடும்போது தாளம் ஏற ஏறச் சாமியாடி ஆடுவார். சின்ன வயதில் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் கேட்டேன், "தாத்தா, இதைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லக் கூடாதா?"

"ஏட்டி, சாமி கதைய சுருக்குனா சாமி கோவிச்சிக்கிடும்லா!"

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இல் ஒரு புத்தகமே எழுதினார். தெய்வமாகப் பிறந்தவர்களின் கதை, கொலையுண்டு தெய்வமானவர்களின் கதை என்று இரண்டாகப் பிரித்து, பிறப்பையும் இறப்பையும் பாடுகிற கலை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். எங்கள் தாத்தா அதைப் படித்ததில்லை. இரண்டு பேரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்.

மேடைக்கு வந்த வில்லு, அந்தச் சாமியையும் அந்தக் கொலைகளையும் பெரும்பாலும் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தது. பதிலுக்கு காந்தியையும் குறளையும் குடும்ப நலத்தையும் எடுத்துக்கொண்டது. ஜாதியால் கொல்லப்பட்டவர்களின் கதையைப் பாடிய வாத்தியம், நல்ல பிள்ளையாக மாறிவிட்டது என்று சொன்னால் மறுக்க முடியாது. அட்டை வில்லில் டெங்கு பாடுகிற இடத்துக்கு வந்து நின்றது அந்தப் பாதையில்தான்.

இருந்தாலும் எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் உடன்பாடு. காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை நடக்கும். உயரமான குல்லாய் வைத்து, கையில் தாளத்தோடு, பாசுரங்களைப் பாடி அபிநயம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று மூன்றே கோயில்களில்தான் இன்று அது மிச்சம். சில குடும்பங்கள் மட்டும், கோயிலுக்குள் மட்டும் என்று கட்டிக் காத்த கலை. துளி கலப்படம் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளிலேயே அதைப் பார்க்காதவர்கள் உண்டு. வில்லுக்கு அந்த நிலைமை வரவில்லை. தென்மாவட்டத்தைத் தாண்டி, சேலத்திலும் திருவண்ணாமலையிலும் இருக்கிற பிள்ளைக்கு 'வில்லுப்பாட்டு' என்றால் என்னவென்று தெரிகிறது. அரைகுறையாகத் தெரிந்தாலும் தெரிகிறது. சுப்பு ஆறுமுகம் மாதிரி ஆட்கள் வெளியே வந்து ஐம்பது அறுபது வருடம் தொண்டை வற்றப் பாடாமல் இருந்தால் அதுவும் இருந்திருக்காது.

என் மனதுக்கு ஒட்டாத விஷயம் வேறு ஒன்று. கோயிலிலேயே இருந்து பாடியவர்களுக்கு என்ன கிடைத்தது?

கன்னியாகுமரி மாவட்டம் கொட்டாரம் பக்கத்தைச் சேர்ந்த பூங்கனி அம்மாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சிறுமியாக இருந்தபோதே வில்லெடுத்தவர். பெண்கள் நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், ஊர் ஊராகக் கொடைகளில் பாடினார். ஒரு காலத்தில் அவர் தேதிக்காகக் கோயில்காரர்கள் காத்திருந்தார்கள். வயதானபோது, சின்ன வீட்டில் வறுமையில் இருந்தார். 2018 நவம்பரில் காலமானார். நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இறந்த செய்தியில்தான்.

இதற்கு சுப்பு ஆறுமுகம் பொறுப்பில்லை. ஆனால் விருதுக் குழுக்களின் பார்வைக்கு சென்னை மேடை எட்டுகிறது, கொட்டாரத்துக் கொடை எட்டுவதில்லை. இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே வில்லு.

86 வயதில் ஒரு சினிமா

2015 மே மாதம் 'உத்தம வில்லன்' வந்தது. ரமேஷ் அரவிந்த் இயக்கம், ஜிப்ரான் இசை. சாகப்போகிற ஒரு சினிமா நட்சத்திரம், கடைசியாக ஒரு படம் எடுக்கிறான். அந்தப் படத்துக்குள் வருகிற கதாநாயகன், சாகாவரம் பெற்றதாக ஊர் நம்புகிற கூத்துக்காரன். இந்த உள்கதையை எடுத்துச் சொல்ல கமல்ஹாசன் தேர்ந்தெடுத்தது வில்லுப்பாட்டை. அதற்காகக் கூப்பிட்டது சுப்பு ஆறுமுகத்தை. பாடல் எழுதியவர்கள் பட்டியலில் விவேகா, மதன் கார்க்கி, கமல் ஆகியோரோடு அவர் பெயரும் இருக்கும்.

படம் வந்தபோது நான் ஸ்கூல். தியேட்டரில் வில்லு மணி கேட்டதும் நெல்லைக் கூட்டம் கத்திய கத்தலில் முதல் இரண்டு வரி எனக்குக் கேட்கவே இல்லை. இப்போது ஹெட்போனில் கேட்கும்போதுதான் அதன் அழகு தெரிகிறது. ஜிப்ரானின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம், நம் குடமும் மணியும் ஒரு பக்கம், இரண்டும் முட்டிக்கொள்ளாமல் போகின்றன. மரணத்தைப் பாடுவதற்கென்றே பிறந்த வாத்தியம், சாகாதவன் கதையைக் கிண்டலாகச் சொல்கிறது. 1948-இல் காந்திக்கு வில்லுப்பாட்டு எழுதியவர், 67 வருடம் கழித்து இங்கே வந்து நிற்கிறார். மறுபடியும் இன்னொரு நடிகருக்குப் பக்கத்தில், இன்னொருவர் கதைக்கு எழுதுகிறவராக. அவருக்கு அது புதிதா என்ன?

2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 92 வயது. அடுத்த ஆண்டு, 2022 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் காலமானார். மகள் பாரதி திருமகன் அப்பாவின் குழுவிலேயே வளர்ந்து, இன்று தனக்கென ஒரு பெயரோடு வில்லிசை நடத்திவருகிறார். அவர் பாடும்போது பக்கத்தில் இருப்பவர் எப்படிக் குறுக்கே விழுகிறார் என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள், இந்தக் கட்டுரையில் நான் பத்திப் பத்தியாகச் சொன்னது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

போன ஆடியில் எங்கள் பக்கத்துக் கொடை நோட்டீஸ் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடியழைப்பு, மாக்காப்பு, மதியக் கொடை, நையாண்டி மேளம், சாமக் கொடை, பொங்கல் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். இன்னிசைக் கச்சேரிக்குப் பாடகர்கள் படத்தோடு பாதிப் பக்கம். கீழே சின்ன எழுத்தில், 'இரவு 10 மணிக்கு: வில்லிசை'. பாடுகிறவர் பெயர் இல்லை. ஊருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அவுக வழக்கமா வாரவுகதான், பேரு நோட்டீஸ்ல போட எடமில்ல தாயி" என்றார் விழாக் கமிட்டி மாமா ஒருவர்.

உங்கள் ஊர்க் கொடையில் வில்லடிக்கிறவர் பெயர் தெரிந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் மகுடம் அடித்து ஆடுகிற கணியான் கூத்துக்காரர்களோடு சந்திப்போம்.